வார்னிஷ் பூசிய போர்டு

ஷார்ட் ஆன போர்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லும் ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஷார்ட் என்றால் என்ன? வாய்க்காலில் எலி வளை போட்ட இடத்தில் தண்ணீர் இறங்கிப் பக்கத்துக் காட்டுக்குப் போகிறதே, அதுதான். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதற்காக யாராவது தோட்டத்தையே விற்பார்களா? வளையைத் தேட வேண்டும். தேடத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எனக்குத் தேடத் தெரியும். தறி இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, காந்திபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் மாடிப்படிக்குக் கீழே சின்னதாக லேப்டாப் சர்வீஸ் கடை போட்டேன். புதிதாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சுவர்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, பிறகு அதில் ஒரு வேடிக்கை பழகிவிட்டது.

ஒரு ஆடி மாதக் கடைசியில் வந்தவரும் அப்படித்தான் எட்டிப் பார்த்தார். அறுபது வயதைத் தொட்ட மனிதர். வெள்ளைச் சட்டை, வேட்டி. ஒரு துண்டில் சுற்றிய லேப்டாப்பைக் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார். வெளியே காற்று ஷட்டரைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மணி, சார் எப்ப வருவாருங்க?"

"சார் அப்பவே வந்துட்டாருங்க. உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கறாரு. என்ன கம்ப்ளைண்ட்டுங்க?"

கொஞ்சம் தடுமாறினார். ஆனால் உட்கார்ந்துவிட்டார். துண்டைப் பிரித்தபோது ஒரு வாசனை வந்தது. லேப்டாப்பிலிருந்து வரக்கூடாத வாசனை. சர்வீஸ் கடைக்குக் காபி வாசனையோடு, டீ வாசனையோடு, ஒருமுறை மோர்க்குழம்பு வாசனையோடுகூட லேப்டாப் வந்திருக்கிறது. இது வேறு. அடி மூடியைக் கழற்றினேன். போர்டு முழுக்கப் பழுப்பு நிறத்தில் பளபளவென்று, ஜிலேபியைப் பாகில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

"இது என்னங்க?"

"வார்னிஷுங்க."

"லேப்டாப்புக்கா?"

"ஷார்ட்டுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. சார்ஜரைச் சொருகுனா சார்ஜர் லைட்டே அணைஞ்சு போகுது. உருவுனா மறுக்காவும் எரியுது. அப்ப உள்ள ஷார்ட்டுதானுங்களே? ஷார்ட்டுன்னா இன்சுலேசன் போயிருக்கோணும். அதான் பேட்டரியக் கழட்டி வெச்சுப்போட்டு, பிரஷ்ல ரெண்டு கோட்டு அடிச்சு, பல்புப் பெட்டில வெச்சுக் காய வெச்சுப்போட்டேனுங்க."

அவருடைய விரல் நகங்களை அப்போதுதான் கவனித்தேன். ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு. கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறாராம். கிணற்று மோட்டார், மில் மோட்டார், எது புகைந்தாலும் அவரிடம்தான் வரும். எரிந்த கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றி, குண்டு பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் வைத்துச் சூடு காட்டி எடுப்பார். அந்த மோட்டார் அதற்குப் பிறகு பல வருடம் ஓடும். கோயமுத்தூரில் மோட்டார் கட்டுகிற ஒருவரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் லேப்டாப்புக்கு வார்னிஷ் அடிக்கத் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு மருந்தை இப்படி மாற்றிக் கொடுப்பார்களா என்று ஒரு பிடி பிடித்தேன். மீட்டர் முனை வைக்கக்கூட இடமில்லாமல் பூசி மெழுகி வைத்திருக்கிறீர்களே, இது என்ன வீட்டுச் சுவரா என்றேன். காயிலில் கம்பிமேல் கம்பி உரசும், அதனால் வார்னிஷ். இங்கே எது எதோடு உரசியது என்றேன். மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இது என்றதில்லீங்க. என்ற மருமகளுதுங்க."

அதன் பிறகுதான் கதை வந்தது. வைகாசியில் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மருமகளுக்குக் கோபிசெட்டிபாளையம். வேளாண்மை படித்துவிட்டு, வாழையில் வரும் வாடல் நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். கல்யாணப் பேச்சின்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம், ஆராய்ச்சியை முடிக்க விட வேண்டும் என்று. நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றிய அன்று சபையில் இந்தப் பேச்சு வந்தபோது அவர் பக்கத்துச் சொந்தக்காரர்களே முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் என்ன படிப்பு என்று ஒரு பெரியப்பா முறைக்காரர் எழுந்தும்விட்டார். இவர் நடுவில் எழுந்து, "அது படிப்ப முடிக்கறது என்ற பொறுப்பு. அதுக்கு ஒரு கொறை வந்தா என்னயக் கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ஆடி பிறந்து, தாய் வீட்டுக்காரர்கள் வந்து பெண்ணை அழைத்துப் போகும் சமயம் பார்த்து லேப்டாப் நின்றுபோனது. சர்வீஸுக்குக் கொடுங்கள் என்று கணவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். மகன் வேலையாக வெளியூர் கிளம்பினான். "நான் பாத்துக்கறேன்" என்று இவர் வாங்கிக்கொண்டார். தெரிந்த ஒரு கடையில் காட்டினால், போர்டு போச்சு என்று சொல்லிவிட்டார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று வார்னிஷ் டப்பாவைத் திறந்திருக்கிறார். நேற்று போனில் பேச்சுவாக்கில், எழுதினதெல்லாம் வேறெங்கயாச்சும் இருக்குதா கண்ணு என்று கேட்டிருக்கிறார். எல்லாம் அதிலேயேதான் இருக்கிறது, வந்ததும் இன்னொரு இடத்தில் ஏற்ற வேண்டும் மாமா என்றாளாம்.

"தூக்கமே இல்லீங்க," என்றார். "பொழைக்குமுங்களா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அது மெலிசான மாடல். பழைய லேப்டாப் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்துவிடலாம். இதில் சேமிக்கிற சிப்பையே போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். போர்டு எழுந்தால் ஆராய்ச்சி எழும். போர்டு போனால் மூன்று வாழை வெள்ளாமையில் அவள் எடுத்த கணக்கும் படங்களும் அதோடு போகும்.

"உக்காருங்க. பார்க்கலாமுங்க," என்றேன். ஆகாது என்று ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை. இதை இப்போது பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு அந்த வேலையில் அப்படி ஒரு திமிர் உண்டு, அது இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

போர்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஷார்ட் எங்கே என்று தேடுவதற்கு முன்னால், அது வேறு எதையாவது கொன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சார்ஜரிலிருந்து வருவது பத்தொன்பது வோல்ட். அது மெயின் லைனில் ஓடி, அங்கங்கே குறைந்து, பிராசசருக்கு ஒரு வோல்ட் சொச்சம், சேமிப்புச் சிப்புக்கு மூன்று வோல்ட் சொச்சம் என்று பிரிந்து போகிறது. குறைக்கிற இடத்தில் கோளாறு வந்து பத்தொன்பதும் அப்படியே இறங்கியிருந்தால் கதை முடிந்தது. பிளேடால் வார்னிஷைச் சுரண்டிச் சுரண்டி மீட்டர் முனை வைக்க இடம் பிடித்தேன்.

"இது என்னங்க, சதுரமா இருக்குதே?"

"காயில்தானுங்க."

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "இதுலயும் காயில் இருக்குதுங்களா!"

"ஒவ்வொரு லைனுக்கும் ஒண்ணு இருக்குதுங்க. அதுக்காக நீங்க கட்ட வேண்டாம்."

பிராசசர் காயிலில் வைத்தபோது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பயப்பட வேண்டாம், பிராசசர் லைன் நல்ல நாளிலேயே அப்படித்தான் காட்டும், பெரிய மோட்டார் காயிலில் ரெசிஸ்டன்ஸ் குறைவாகத்தானே காட்டும், அது மாதிரி என்றேன். புரிந்துகொண்டு பின்னால் சாய்ந்தார். இது தெரியாமல் நல்ல பிராசசரைக் குப்பையில் போட்ட கடைக்காரர்களை நான் அறிவேன். சேமிப்புச் சிப்பின் லைனில் வைத்தேன். மீட்டர் நல்ல எண் காட்டியது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதே எண். அவரிடம் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

மெயின் லைனில் வைத்ததும் மீட்டர் பீப் என்று விடாமல் கத்தியது. வளை இந்த வாய்க்காலில்தான்.

ஆனால் அந்த லைனில் மட்டும் கடுகும் அரிசி நொய்யுமாக எத்தனையோ கெபாசிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றின் வயிற்றுக்குள் விரிசல் விட்டாலும் மொத்த லைனும் ஷார்ட் காட்டும். வெளியில் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். வழக்கமாக நான் ரோசின் என்கிற பிசினைச் சூடாக்கி அதன் புகையைப் போர்டில் படிய விடுவேன். வெள்ளைப் பொடியாகப் படியும். பிறகு வெளியிலிருந்து ஒரு வோல்ட் மட்டும் கொடுத்து கரண்டைக் கூட்டினால், ஷார்ட் ஆன பொருள்தான் முதலில் சூடாகும், அதன்மேல் படிந்த வெள்ளை உருகிக் காணாமல் போகும். இவர் பூசிய பூச்சின்மேல் ரோசின் எங்கே படியும்? முதலில் முழுப் போர்டையும் தின்னரில் கழுவ வேண்டும். தின்னர் வார்னிஷோடு நிற்காது, சிப்புக்கு அடியில் இருக்கும் பசையையும் போய் நக்கும். அதை நினைத்து மறுபடியும் அவர்மேல் கோபம் வந்தது.

கழுவுவதற்கு முன்னால் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிடலாம் என்று பவர் சப்ளையின் ஒயர்களை மெயின் லைனில் பிடித்தேன். ஒரு வோல்ட். கரண்டை மெல்லக் கூட்டினேன். போர்டு சும்மா கிடந்தது. இன்னும் கூட்டிவிட்டு, விரலை நீட்டிக் குனிந்தேன்.

விரல் போய்ச் சேரவில்லை. மூக்குக்கு முதலில் வந்துவிட்டது.

"மோட்டாரு பொகையறப்ப வார மணமுங்க," என்று அவரும் எழுந்துவிட்டார்.

லைட்டை இழுத்துக் கிட்டே பிடித்தேன். சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில், வரிசையாக நின்ற கெபாசிட்டர்களில் ஒன்றின் தலையில் மட்டும் வார்னிஷ் இளகி, சின்னதாக ஒரு குமிழ் விட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பூச்சு அசையாமல் கிடந்தது. நான் ரோசினில் தேட நினைத்ததை, பாதி காய்ந்த வார்னிஷே காட்டிவிட்டது. இத்தனை நேரம் எதற்காக அந்த மனிதரை வறுத்தெடுத்தேனோ அதுவே வந்து எனக்கு வேலை செய்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கண்டுபிடிச்சாச்சுங்களா?"

"உங்க வார்னிஷ் கண்டுபிடிச்சிருச்சுங்க. அதுக்காக இன்னொரு லேப்டாப்புக்கு அடிச்சுப்போடாதீங்க."

அந்தக் கெபாசிட்டரைச் சூடு காட்டி எடுத்தேன். மீட்டர் வைத்தேன். கத்தவில்லை. அந்த மௌனம்தான் எங்கள் தொழிலில் இருக்கிற நல்ல சங்கீதம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலிருந்து நான் அள்ளிக்கொண்டு வந்து வைத்திருக்கும் போர்டுகளில் ஒன்றிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பிடுங்கி அந்த இடத்தில் வைத்தேன். தேவையான இடங்களில் மட்டும் பஞ்சில் தின்னர் தொட்டு வார்னிஷைத் துடைத்தேன். மீதியைச் சுரண்டப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் மாட்டிப் பவர் பொத்தானை அழுத்தியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபேன் ஒருமுறை சுற்றி நின்றது. பிறகு திரை வெளிச்சமானது. "திறந்துக்கலாமுங்க" என்றேன். கண்ணைத் திறந்தார்.

திரையில் ஒரு வாழைத் தோட்டத்துப் படம். அதற்கு நடுவில் பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம்.

பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாது. உள்ளே அவள் எழுதியது எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று அவள் வந்து திறந்தால்தான் தெரியும். போனில் கேட்கட்டுங்களா என்றார். வேண்டாம், அது அவங்க சாவி, அவங்களே வந்து திறக்கட்டும் என்றேன். தலையாட்டினார். பிறகு மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அம்மணி, ஒரு ஒதவிங்க. வார்னிஷ் சமாச்சாரம் அதுக்குத் தெரிய வேண்டாமுங்க. தண்ணி பட்டுருச்சுன்னு சொல்லிப்போடலாமுங்களா?"

"நான் பொய் சொல்ல மாட்டேனுங்க. கேட்டா உள்ளதச் சொல்லுவேன். கேக்காட்டி வாயத் திறக்க மாட்டேன். அவ்வளவுதான் முடியும்."

அவருக்கு அது பாதி ஆறுதல்தான். மறுநாள் கோபி பஸ்ஸில் வருகிறாள், பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக இங்கே கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது லேப்டாப்பை என்னிடமே விட்டுவிட்டார். வீட்டுக்கு எடுத்துப் போகப் பயம்.

மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். பெண் ஒல்லியாக, கழுத்தில் புது மஞ்சள் கயிறு நிறம் மாறாமல், தோளில் ஒரு பெரிய பையோடு இருந்தாள். என்னைப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்க்காமல், "நீங்கதான் சரி பண்ணீங்களாக்கா?" என்றாள். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மூடியைத் திறந்து பவர் பொத்தானை அழுத்தினாள். சூடேறிய லேப்டாப்பிலிருந்து அந்த வாசனை மெல்லக் கிளம்பியது. அவள் கை நின்றது. ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் அவர் சட்டையில் முகர்ந்த வாசனை அல்லவா.

அவள் கேட்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் திறந்தார்.

"நாந்தான் கண்ணு வார்னிஷ் அடிச்சுப்போட்டேன். மோட்டாருன்னு நெனச்சு அடிச்சுப்போட்டேன். சபையில பெருசாப் பேசுனேன், உன்ற படிப்புக்கு நாந்தான் பொறுப்புன்னு. நானே அதுல கைய வெச்சுப்போட்டேன்."

அவள் பாஸ்வேர்டை அடித்தாள். இரண்டு முறை தப்பாக விழுந்தது. மூன்றாவது முறை திறந்தது. ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். வெட்டிய வாழைத் தண்டுகளின் படங்கள், நடுவில் கறுப்பு வளையத்தோடு வரிசை வரிசையாக வந்தன. இன்னொன்றைத் திறந்தாள். அட்டவணைகள். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்தைத் திறந்து, அடிவரைக்கும் இழுத்துப் பார்த்தாள். பாதியில் நின்ற அந்த வாக்கியம் பாதியிலேயே இருந்தது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

"கெட்டது இவர் வார்னிஷ்னால இல்லம்மா," என்று நானே சொன்னேன். கேட்காவிட்டால் சொல்ல மாட்டேன் என்று முந்தின நாள் சொன்னது பொய்யாகிவிட்டது, ஆகட்டும். "அதுக்கு முன்னயே ஒரு கெபாசிட்டர் போயிருச்சு. அது எதுன்னு காட்டிக் கொடுத்தது இவர் வார்னிஷ்."

அவள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்தாள். "அடுத்து எது கெட்டாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லிப்போடோணுங்க மாமா. தனியா உக்காந்து பயந்துட்டு இருக்கக் கூடாது." அவ்வளவுதான் சொன்னாள். அவர் சரி கண்ணு, சரி கண்ணு என்று சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

எல்லாவற்றையும் இங்கேயே காப்பி எடுத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும் என்று நான் கறாராகச் சொன்னேன். இரண்டு பென்டிரைவ்களில் ஏற்றினோம். அது முடியும் வரை மூவரும் எதிர்க்கடை டீயைக் குடித்தோம். ஏறி முடிந்ததும் அவள் ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மற்றொன்றை மாமனாரிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டுங்க மாமா."

அவர் கை உடனே வரவில்லை. "எங்கிட்டயா கண்ணு?"

"உங்க பொறுப்புன்னு சபையில சொன்னீங்கதானுங்க?"

அதற்கு வார்னிஷ் அடித்துவிடாதீர்கள் என்று கிண்டல் செய்ய வாய் வரைக்கும் வந்தது. செய்யவில்லை. அவர் வேட்டியில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனை திரும்பும் வரைக்கும் அந்தப் பையின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.